பெட்டியில் வந்த விமானம்

ரொறன்ரோவுக்கு வெளியே வசிக்கும் என் மாமா சென்ற வருடம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கராஜுக்குள் ஒரு சிறிய விமானத்தின் இரண்டு இறக்கைகள். அம்மா உடனே அழைப்பெடுத்துக் கேட்டார்: "தம்பி, உனக்கென்ன விசரே?"

எங்கள் வீட்டில் விமானம் என்றால் ஒரே அர்த்தம்தான். மாமாவின் தலைமுறைக்கு அது பொம்பர், புக்காரா. எனக்குக் கிபிர். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். அப்படியொருவர் 57 வயதில் ஏன் சொந்தமாக விமானம் கட்டுகிறார் என்பதை விளங்கிக்கொள்ளவே இதைத் தேடத் தொடங்கினேன். புலத்தில் இந்த ஆர்வம் உள்ள வேறு சிலருக்கும் பயன்படலாம் என்பதால் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

51 வீத விதி

கனடாவிலும் அமெரிக்காவிலும் தனியார் ஒருவர் தானே விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடமளிக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு. வேலையின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையல்ல, கட்டுபவரே செய்திருக்க வேண்டும். இதையே 51 வீத விதி என்பார்கள். கனடாவில், கட்டப்போவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உட்பகுதிகளை மூடுவதற்கு முன்னரும் வேலை முடிந்த பின்னரும் பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள்.

மாமா தெரிவுசெய்தது ஆர்.வி-7. இருவர் அருகருகே அமரும் அலுமினிய விமானம். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் எயார்கிராஃப்ட் நிறுவனம் அதன் பாகங்களை விற்கிறது. சாதாரணத் தொகுதியில் தகடுகளும் சட்டங்களும் தனித்தனியாக வரும். ஆயிரம் மணித்தியாலங்களுக்கு மேல் உழைக்க வேண்டும். மற்றது விரைவுத் தொகுதி. இதில் உடற்பகுதியின் கூடும் இறக்கைகளும் பாதிக்கு மேல் பொருத்தப்பட்டு, எரிபொருள் தாங்கிகள் அடைக்கப்பட்டு வரும். ஆனாலும் 51 வீத விதிக்கு உட்பட்டே அது தயாராகிறது. வால், மேல்மூடி, என்ஜின் பொருத்துதல், மின்கம்பிகள் எல்லாம் வாங்குபவரின் வேலை. விலை அதிகம், நேரம் மிச்சம். வேலைக்குப் போய்வந்து இரவில் கட்டுபவருக்கு நேரமே பெரிய செலவு என்று மாமா அதைத் தெரிவுசெய்தார்.

முதலில் அவர் வாங்கியது வால் தொகுதியை மட்டுந்தான். எல்லாவற்றிலும் விலை குறைந்தது அது. றிவெற் அடிக்கும் வேலை கைவருமா, வீட்டுக்காரர் சத்தத்தைப் பொறுப்பார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும். என்ஜினைக் கடைசியில் வாங்குவதே நல்லது. ஓடாமல் கிடக்கும் என்ஜினுக்குள் துருப்பிடிக்கும்.

முற்பணத்திலும் கவனம் வேண்டும். 2023 டிசெம்பரில் வான்ஸ் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2024இல் மறுசீரமைப்புடன் மீண்டது. இடையில், ஏற்கெனவே பணம் கட்டியவர்களும் கூடிய விலைக்கு உடன்பட வேண்டியிருந்தது. தேவைப்படும் தொகுதிக்கு மட்டும், தேவைப்படும் நேரத்தில் பணம் கட்டுங்கள்.

ஒருவர் பாதி கட்டிய தொகுதி

இடையில் மாமாவுக்கு மலிவாக ஒன்று கிடைத்தது. கட்டத் தொடங்கியவர் இறந்துவிட, குடும்பத்தார் விற்க வந்திருந்தார்கள். வேலைப்பதிவு இல்லை, படங்கள் இல்லை, இறக்கை மூடியாயிற்று. பதிவில்லாவிட்டால், தொழில்முறைக்காரர் கட்டியதல்ல என்று பரிசோதகருக்குக் காட்டுவது கடினம். உள்ளே அடித்த றிவெற்களையும் பார்க்க முடியாது. "பதிவும் இல்லை, பாக்கவும் ஏலாது எண்டால் அதில நான் ஏறமாட்டன் பிள்ளை" என்றார். அந்தக் குடும்பத்துக்காக மனம் வருந்தினாலும் வெறுங்கையுடன் திரும்பினார்.

பெட்டி வந்த நாள்

பாகங்கள் மரப்பெட்டிகளில் லொறியில் வரும். எல்லை தாண்டும்போது சுங்கப் பத்திரங்கள் வேண்டும். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டு வாசலில் லொறிக்காரர் இறக்கித் தருவாரா, அதற்கு இயந்திரம் உண்டா என்று முன்பே கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

மாமாவின் ஒரு பெட்டியின் மூலை உடைந்திருந்தது. சாரதி அவசரப்படுத்தினார். மாமா கையெழுத்திடுவதற்கு முன் சேதத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி, லொறியில் இருக்கும்போதே படமெடுத்தார். உள்ளே ஒரு தகடு நெளிந்திருந்தது. அந்தக் குறிப்பு இருந்தபடியால்தான் காப்புறுதி கிடைத்தது. பின்னர் மூன்று இரவுகள் பட்டியலை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் எண்ணினார்.

அடுத்த பயணம் கராஜிலிருந்து விமானத் தளத்துக்கு. இறக்கை ஒவ்வொன்றும் 10 அடிக்கு மேல் நீளம். படுக்கப்போட்டு ஏற்றக்கூடாது. கம்பளம் சுற்றிய மரச்சட்டத்தில், முன்விளிம்பு கீழிருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். மெல்லிய தகட்டின்மேல் பட்டியை இறுக்கினால் நெளிந்துவிடும். மூடிய ட்ரெயிலர் நல்லது.

போன மாதம் அம்மா மாமாவிடம் கேட்டார்: "உதில குண்டு ஏத்தேலுமே?"

"இல்லையக்கா. ரெண்டு பேர்தான் ஏறேலும். மற்ற சீற் உங்களுக்குத்தான்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன கிழமை, வால் பூட்டியாச்சோ என்று என்னிடம் விசாரித்தார்.