பழைய எஸ்.எஸ்.டி.க்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை? பார்த்தே தீர வேண்டும்! மாட்டின் வயதைச் சொல்வது அதன் பல்தான்.

கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் அப்படி ஒரு "பல்" உண்டு. ஆனால், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கேட்கிற விதத்தில் கேட்டால், அதுவே சொல்லிவிடும்!

எஸ்.எஸ்.டி. என்பது என்ன?

அது கம்ப்யூட்டரின் பெட்டகம். குழந்தையின் புகைப்படம், கல்யாண வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

இதே வேலையைச் செய்யும் பழைய கருவி, ஹார்ட் டிஸ்க். அதற்குள் தட்டு சுழலும். கெட்டுப்போகும்போது பல சமயம் "கடகட" என்று சத்தம் போடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. சில்லுகள் மட்டுமே உண்டு. ஆகவே சத்தமும் இல்லை. நேற்று நன்றாக ஓடியது, இன்று திடீரென்று கண்ணை மூடிவிடலாம்!

புதியதைவிட விலை குறைவு என்பதால், பழைய எஸ்.எஸ்.டி.யைப் பலர் வாங்குகிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

தேய்வது ஏன்?

பிள்ளைகள் நோட்டில் பென்சிலால் எழுதுகிறார்கள். ரப்பரால் அழிக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி எழுதி அழித்தால் என்ன ஆகும்? காகிதம் தேய்ந்து, கடைசியில் ஓட்டை விழும்.

எஸ்.எஸ்.டி.யும் அப்படித்தான். அதன் சில்லில் மிக நுண்ணிய அறைகள் உள்ளன. அந்த அறைகளில் மின்சாரத்தைச் சிறைப்பிடித்து வைப்பதுதான் "எழுதுவது". அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அறை கொஞ்சம் தேயும். படிப்பதால் ஏறக்குறைய தேய்மானமே இல்லை.

ஆகவே, "வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

பதில் யார் சொல்வது? எஸ்.எஸ்.டி.யே சொல்லும்! தன் கதையைத் தானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. அதற்கு "ஸ்மார்ட்" என்று பெயர். விண்டோஸ் கம்ப்யூட்டரில் "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும்.

விற்பவரைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் தெரியும் வரிசை எண்ணும், மேலே ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு நான்கு கணக்குகளைக் கவனியுங்கள்.

நான்கு கணக்குகள்

முதலாவது, எழுதிய அளவு. இதை டெராபைட்டில் சொல்வார்கள். 1 டெராபைட் என்பது 1,000 கிகாபைட். சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு, 5 வருஷம் அல்லது 600 டெராபைட், எது முன்னே வருகிறதோ அதுவரை உத்தரவாதம். குறிப்பேட்டில் 60 என்று இருந்தால், பத்தில் ஒரு பங்குதான் செலவாகி இருக்கிறது. 580 என்று இருந்தால்? யோசிக்க வேண்டும்!

இரண்டாவது, தேய்மானச் சதவிகிதம். இதில் ஒரு ஜாக்கிரதை. சில மென்பொருள்கள் "மிச்சம் இருக்கும் ஆரோக்கியம்" என்று காட்டும். அதில் 100 என்றால் புதிது. சில மென்பொருள்கள் "செலவானது" என்று காட்டும். அதில் 100 என்றால் கம்பெனி சொன்ன ஆயுள் முடிந்தது. தலைகீழாகப் படித்துவிடக் கூடாது!

மூன்றாவது, பிழைகள். எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாமல் போன தடவைகளின் எண்ணிக்கை இது. 0 என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நான்காவது, ஓடிய மணி. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி. விற்பவர், "ஆறே மாதம்தான் ஓடியது" என்கிறார். குறிப்பேடு 26,280 மணி என்கிறது. அப்படியானால், அது மூன்று வருஷம் இரவு பகல் ஓடியிருக்கிறது!

100ஐத் தாண்டினால் மரணமா?

இல்லை. "டெக் ரிப்போர்ட்" என்ற இணைய இதழ் 2013-ல் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஆறு எஸ்.எஸ்.டி.களை எடுத்து, சாகும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2015-ல்தான் சோதனை முடிந்தது. முதலில் விழுந்ததுகூட 700 டெராபைட்டைத் தாண்டிய பிறகே விழுந்தது. இரண்டு, 2,000 டெராபைட்டையும் தாண்டின!

ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். முதலில் விழுந்தது இன்டெல் கம்பெனியின் எஸ்.எஸ்.டி. ஆயுள் முடிந்ததும், அது எழுதுவதை நிறுத்திக்கொண்டது. அப்படித்தான் அமைத்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டதும், கம்ப்யூட்டருக்கு அதை அடையாளமே தெரியவில்லை!

தேய்மானம் வேறு, நோய் வேறு. 2019 நவம்பரில் ஹியூலட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் கம்பெனி ஓர் எச்சரிக்கை விட்டது. பெரிய கம்ப்யூட்டர்களுக்காக அது விற்ற சில எஸ்.எஸ்.டி.கள், சரியாக 32,768 மணி ஓடியதும் செத்துவிடும் என்றது. தேய்ந்ததால் அல்ல. உள்ளே இருந்த மென்பொருளில் தவறு! அதைத் திருத்திய புதிய மென்பொருளையும் கம்பெனி கொடுத்தது. எனவே, பழையதை வாங்கியதும், அதற்குத் திருத்திய மென்பொருள் வந்திருக்கிறதா என்று தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் பார்ப்பது நல்லது.

குறிப்பேடும் பொய் சொல்லும்!

2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளிப்பட்டது. பல ஆயிரம் மணி ஓடிய ஹார்ட் டிஸ்குகளின் குறிப்பேட்டை அழித்து, புதியவை என்று விற்றிருந்தார்கள். எஸ்.எஸ்.டி.யில் மட்டும் மோசடி நடக்காது என்று சொல்ல முடியுமா? கொஞ்சமே கொள்ளும் சில்லை வைத்து, 1 டெராபைட் என்று காட்டும் போலிகளும் உண்டு.

இதற்கு மருந்து, எழுதிப் பார்ப்பது. "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இலவச மென்பொருள், காலி இடம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, சரிபார்க்கும். சில மணி நேரம் ஆகலாம். போலி அதில் சிக்கிக்கொள்ளும்.

இத்தனை பரீட்சையில் தேறிவிட்டதா? சந்தோஷமாக வாங்குங்கள். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக ஓடும்.

ஆனால், குடும்பத்தின் ஒரே புகைப்படத் தொகுப்பை அதில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தேய்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் கிடந்தால், சிறைப்பட்ட மின்சாரம் மெல்ல மெல்லக் கசியும். ஆயுள் முடிந்த நிலையிலும், 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷமாவது தாங்க வேண்டும் என்பதுதான் வீட்டு எஸ்.எஸ்.டி.களுக்கான விதி. சூடு கூடினால் அந்தக் காலம் குறையும்.

முக்கியமான எதற்கும் இன்னோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். பல்லைப் பார்த்து வாங்கிய மாடு நன்றாகவே உழும். அதற்காக வீட்டுச் சொத்து முழுவதையும் அதன் முதுகில் ஏற்றலாமா?