நட்சத்திர மீன் இல்லாத பாறை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரம். 1963-ல் ராபர்ட் பெய்ன் என்ற உயிரியலாளர் அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலுக்குள் வீசினார். பக்கத்துப் பாறையை மட்டும் தொடவில்லை.

நட்சத்திர மீனுக்குப் பிடித்தமான இரை மட்டிச் சிப்பி. தின்ன ஆளில்லாமல் போனதும் சிப்பிகள் பெருகிப் பாறையை அடைத்துக்கொண்டன. பாசிகளுக்கும் மற்ற சிற்றுயிர்களுக்கும் இடமே இல்லை. 15 இனங்கள் வாழ்ந்த பாறையில் சில ஆண்டுகளில் மிஞ்சியவை 8. வேட்டையாடும் உயிர் போனால் மற்றவை செழிக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு!

இப்படி ஒரு வாழிடத்தையே தாங்கிநிற்கும் உயிரினத்தை 1969-ல் பெய்ன் 'கீஸ்டோன் இனம்' என்றார். வட பசிபிக் கடலின் நீர்நாயும் அந்த வகைதான். பாசியை மேயும் கடல் முள்ளெலிகளை அது தின்பதால்தான் அங்கே கெல்ப் பாசிக்காடுகள் பிழைத்திருக்கின்றன.