மூல நட்சத்திரமும் மணிமேகலையும்

வயசுப் பெண் கையில் காதல் கதைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டால் நம் வீடுகளில் உடனே பஞ்சாயத்துதான். அதுவும் படம் போட்ட ஜப்பான் புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தோழியிடம் இரவல் வாங்கி வந்து படிக்கிறாள். "புத்தி கெட்டுப் போகும், பிடுங்கி வை" என்கிறார் மாமியார். பிடுங்குவதற்கு முன்னால் கதை என்னவென்று அவளையே சொல்லச் சொன்னேன்.

கியோகோ ஹிகாவா என்ற பெண்மணி 1991-ல் எழுதி வரையத் தொடங்கிய கதை. மொத்தம் 14 புத்தகங்கள். நொரிக்கோ என்ற பள்ளிக்கூடப் பெண் திடீரென்று வேறொரு உலகத்தில் போய் விழுகிறாள். பாஷை தெரியாது, மனுஷர் தெரியாது. அந்த உலகத்தில் ஏற்கெனவே ஒரு ஜோசியம் இருக்கிறது: இப்படி வந்து சேரும் ஒருத்தியால்தான் பெரிய அரக்க சக்தி விழித்துக்கொள்ளும் என்று. அவளை அழிக்க வந்த இளைஞனே அவளைக் காப்பாற்றுகிறான். அந்த அரக்க சக்தியே அவனுக்குள்தான் இருக்கிறது! ஒருவரை ஒருவர் நேசித்தபடி, சொல்லி வைத்த விதியோடு இருவரும் போராடுகிறார்கள்.

கேட்டதும் எனக்குத் தோன்றியது, "அட, இது நம்ம மணிமேகலை மாதிரி இல்ல இருக்கு!"

சீத்தலைச் சாத்தனார் எழுதிய அந்தக் காப்பியத்தை உ.வே.சாமிநாத ஐயர் 1898-ல் பதிப்பித்தார். உரைநடையில் எளிமையாகக் கிடைக்கிறது, நம் போன்றவர்களும் படிக்கலாம். பூப்பறிக்கப் போன மணிமேகலையை சோழ இளவரசன் உதயகுமாரன் விரட்டி வருகிறான். பளிங்கு மண்டபத்தில் ஒளிந்துகொள்கிறாள். ஆனாலும் தன் மனசு அவன் பின்னாலேயே போகிறது என்று தோழி சுதமதியிடம் ஒளிக்காமல் சொல்கிறாள். அன்றிரவே தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டு போய்விடுகிறது. யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் நயினாதீவுதான் அது என்று பலர் சொல்கிறார்கள். விழித்துப் பார்த்தால் யாருமே இல்லை. அங்கேதான் போன பிறவியில் உதயகுமாரன் தன் கணவன் என்று தெரிய வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியும் அங்கேதான் கிடைக்கிறது.

ஊருக்குத் திரும்பி, அவனிடமிருந்து தப்ப காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காயசண்டிகையின் கணவன், தன் மனைவிதான் இளவரசனோடு பேசுகிறாள் என்று நினைத்து அவனை வெட்டிவிடுகிறான். அழுது ஓடியவளைத் தடுத்து, தூணில் இருந்த பாவை இனி நடக்கப் போவதை எல்லாம் சொல்கிறது.

இதை நான் சொன்னதும் மகள் கேட்டாள்: "பிடிச்சிருந்தும் ஏம்மா அவ விலகிப் போனா? சாமி சொல்லிட்டா அவ்வளவுதானா?"

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் பிறந்தது மூல நட்சத்திரம். "பெண் மூலம் நிர்மூலம்" என்று அவள் காதுபடவே சொல்கிறவர்கள் உண்டு. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணுக்கு, வந்த வரன் எல்லாம் நட்சத்திரத்தைக் கேட்டதும் திரும்பிப் போகிறது. முப்பது வயது நெருங்குகிறது. இருப்பது 27 நட்சத்திரம். நூறு பெண்கள் இருந்தால் அதில் மூன்று நாலு பேர் மூலத்தில் பிறந்திருப்பார்கள். அத்தனை பேர் வீட்டு மாமனாருமா போய்விட்டார்கள்?

பிறக்கும்போதே "உன்னால் கேடு" என்று முத்திரை குத்தப்பட்ட பெண், அதைப் பொய்யாக்குகிற கதை. என் மகளுக்கு அதில் காதலைவிட அதுதான் பெரிசாகப் பட்டிருக்கிறது.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மணிமேகலைக்குத் தெய்வம் நடக்கப்போவதைச் சொன்னது நிஜம். ஆனால் பசித்தவன் முன்னால் பாத்திரத்தை நீட்டியது அவள் கைதான். சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்ற வைத்தாள். பஞ்சம் வந்தபோது நம்ம காஞ்சிபுரத்தில் சோறு போட்டாள். ஜாதகக் கட்டத்தை வைத்து யாரும் அவளை நினைவு வைத்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அமுதசுரபியில் முதல் சோறு இட்டது ராணியும் இல்லை, தேவதையும் இல்லை. ஆதிரை என்ற குடும்பப் பெண். நம்மைப் போல அடுப்படியில் நின்றவள்.

சகோதரிகளே, மருமகள் தேடும்போது நட்சத்திரத்தைக் கேட்பதை நாம்தான் நிறுத்த வேண்டும். என் மகனுக்குப் பெண் பார்க்கும் நாள் வந்தால் படிப்பு என்ன, குணம் என்ன என்று கேட்பேன். மூலமா என்று கேட்க மாட்டேன். நீங்கள்?

- ஒரு வாசகி, திருமுடிவாக்கம்.