தீபாவளிக்குப் பிறகு வராதவர்கள்

எங்கள் கல்லூரியில் படிப்பை விடுகிறவர்களில் பலர் பரீட்சையில் தோற்று விடுவதில்லை. தீபாவளிக்கு விடுகிறார்கள். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலும் தி.நகரிலும் ஜவுளிக்கடைகள் சீசனுக்கு ஆள் எடுக்கும். கையில் கூலி, மதியம் சாப்பாடு. பண்டிகை வரைக்கும்தான் என்று போகிற பையன் அது முடிந்த பிறகு திரும்பி வரக் கூசுகிறான். வருகைப்பதிவு குறைந்திருக்கும், இன்டர்னல் ஒன்று போயிருக்கும், இரண்டாம் தவணைக் கட்டணம் பாக்கி நிற்கும். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘லாங் ஆப்சென்ட்’ என்று விழுந்துவிடும். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

தாம்பரத்தை ஒட்டிய ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் ஆலோசகர். படித்தது சமூகப் பணி. மாணவர்களுக்கு முதலில் ‘கவுன்சலர் மேடம்’, கொஞ்சம் பழகினால் ‘மேம்’, நன்றாகப் பழகிவிட்டால் ‘அக்கா’. இந்த வயதில் என்னை அக்கா என்கிறவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம்தான்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் ஊரில் 1901-ல் தொடங்கிய ஏற்பாடு இது. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரிக்கும் அடுத்த ஆண்டு சென்னைக்கும் வந்தது. இதை நாடெங்கும் கொண்டுபோக முன்நின்று உழைத்தவர் சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர், கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் படிக்க நினைப்பவர் எல்லாரும் ஒரு தொழிலைக் கற்றுச் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கலாம். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு இங்கே இடம் உண்டு. அதனால் வேறெங்கும் தீராத சிக்கல்களும் அவர்களோடு சேர்ந்து இங்கே வந்துவிடுகின்றன.

ஒரே பெஞ்சில் யார் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். நகரத்துக்குள் குடிசை இடிக்கப்பட்டு பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட வீட்டுப் பெண். பக்கத்தில், அப்பா ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்து கூடுவாஞ்சேரியில் தங்கிவிட்டதால் தமிழ் நன்றாகப் பேசும், ஆனால் எழுதத் தடுமாறும் பையன். அதற்கடுத்து செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பெண். கடைசியில், சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்து சேரும் முப்பது வயதுக்காரி. 1984-ல் அந்த ஏற்றுமதி வளாகம் வந்தபின் இந்தப் பகுதிப் பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் சம்பளம் தந்த இடம். இந்த நாலு பேருக்கும் ஒரே ‘மோட்டிவேஷன் கிளாஸ்’ எடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மைக் பிடித்து ‘உன்னால் முடியும்’ என்று ஒரு மணி நேரம் முழங்குகிற பேச்சாளர்களை வருடா வருடம் கூட்டியும் வருகிறோம். ஒரு பயனும் இல்லை என்றே சொல்வேன்.

அந்த மெப்ஸ் பெண்ணைப் பற்றி ஆசிரியர் புகார் கொண்டுவந்தார்: வகுப்பில் தூங்குகிறாள், அக்கறை இல்லை, நீங்கள் பேசிப் பாருங்கள் என்று. (யார் என்று தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) உட்காரவைத்து, வீட்டில் எப்படி, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மனசுல ஒண்ணும் இல்ல மேடம். தூக்கம்தான் இல்ல.” செய்முறை வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தோம். புகார் நின்றது.

இருளர் பெண்ணின் கதை அத்தனை சுலபமாக முடியவில்லை. மூன்று வாரம் வரவில்லை. காய்ச்சல் என்றாள், பிறகு பாட்டிக்கு முடியவில்லை என்றாள். ஆசிரியர்கள், கல்யாணம் பேசிவிட்டார்கள் போல என்று முடிவே கட்டிவிட்டார்கள். விஷயம் வேறு. கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கொண்டுவா என்று அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டில் யாருக்கும் அது கிடையாது. பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பா அம்மாவிடம் சான்றிதழ் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் விசாரணை, நேரில் பார்வை என்று இழுக்கும். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டே அவள் வராமல் இருந்தாள். கட்டணத்துக்கு அவகாசம் எழுதி வாங்கினோம். போனஃபைட் சான்றும் ஒரு கடிதமும் கொடுத்து, விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கூட அனுப்பினோம். சான்றிதழ் கைக்கு வரும்போது படிப்பே முடியும் தறுவாய். அதுவரைக்கும் அவளை வகுப்பில் தக்கவைத்தோம் என்பதுதான் எங்கள் பங்கு.

இதெல்லாம் ஆலோசகரின் வேலையா, கிளார்க் வேலையா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் நியூயார்க்கைக் காட்டினேன். அந்த நகரின் பொதுப் பல்கலைக்கழகமான கியூனி 2007-ல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ‘ஏசாப்’ என்றொரு திட்டம் தொடங்கியது. மற்ற மாணவர்களுக்கு 600 முதல் 1,500 பேருக்கு ஓர் ஆலோசகர் என்றிருக்க, இதில் 60 முதல் 80 பேருக்கே ஒருவர். அடிக்கடி அவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதோடு மெட்ரோ ரயில் அட்டை இலவசம், பாடநூலுக்கு உதவி, கட்டணத்தில் விடுபட்ட தொகைக்கும் வழி. ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான ஏற்பாட்டில் நூற்றுக்கு 22, ஏசாபில் 40. இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது அந்த ரயில் அட்டைதான். பேச்சும் பயணச்சீட்டும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் பலன் கிடைத்திருக்கிறது.

நம் ஊரிலும் துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். புறநகர் ரயிலுக்கு மாணவர் சீசன் சலுகை. ஆனால் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததால் பணம் வராமல் தவிக்கிற பெண்ணும், சீசன் படிவத்தில் கல்லூரி முத்திரை வேண்டும் என்பது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுக்கிற பையனும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். என் மேசை டிராயரில் அழுகைக்கு டிஷ்யூவும் இருக்கிறது, சீசன் படிவமும் இருக்கிறது. சீக்கிரம் தீர்வது படிவம்தான்.

அதற்காக மனசு சம்பந்தப்பட்டது குறைவு என்று சொல்லவில்லை. தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்கிற பிள்ளைகளும் வருவார்கள். அங்கே என் எல்லை எனக்குத் தெரிய வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானே கூடப் போவதுண்டு. இரவில் 14416, அதாவது டெலி மானஸ் எண்ணுக்குப் பேசச் சொல்வேன். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையமும் உண்டு. பிளஸ் டூவில் தோற்றவர்கள் ஒரு வருடத்தை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி வேண்டும் என்று வாதாடியவர் அவர். நாலு வார்த்தை ஆறுதலோடு நிறுத்தாமல் தேர்வு விதியையே மாற்றக் கேட்டதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் போன் ஒன்று உண்டு: “என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?” சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய. துறைத்தலைவர் கேட்டாலும் அதே பதில்தான். இதில் சிலருக்குக் கோபம். ஆனால் அறையில் பேசியது ஸ்டாஃப் ரூமுக்குப் போனது என்று ஒரு மாணவனுக்குத் தெரிந்தால் போதும், அந்த வருடம் முழுக்க ஒருவரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வருகைப்பதிவு, அபராதம், ஒழுங்கு நடவடிக்கை எதையும் ஆலோசகர் கையில் கொடுக்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. நல்ல செய்தி. ஆனால் யாரோ ஒரு விரிவுரையாளருக்கு ‘கவுன்சலிங் இன்சார்ஜ்’ என்று பலகை மாட்டிவிட்டு விதி நிறைவேறியதாகக் கணக்குக் காட்டுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

இப்போது நான் நிர்வாகத்திடம் கேட்டிருப்பது சின்ன விஷயம். வேலைக்குப் போய்வருகிற மாணவர்கள் வந்து பார்க்க, வாரத்தில் இரண்டு நாளாவது அறையை மாலை ஏழரை வரை திறந்து வைக்க வேண்டும். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வாட்ச்மேனுக்கு ஓவர்டைம் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதில் கோப்பு நிற்கிறது. தீபாவளிக்குள் நகர்ந்தால் நல்லது.