உப்புக் கிணறும் பன்னீர் திராட்சையும்

வடக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைச்சரிவில் உள்ள தென் டிரோல் வட்டாரத்தில் 'ஸ்கியாவா' என்ற கருந்திராட்சையிலிருந்து இலேசான சிவப்பு ஒயின் தயாரிக்கிறார்கள். இதன் ஒரு வகையான 'ஸ்கியாவா குரோசா'வும், 'அலெக்சாந்திரியா மஸ்கட்'டும் கலந்து பிறந்ததே 'மஸ்கட் ஹாம்பர்க்' இரகம். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது பன்னீர் திராட்சை இதுவேயாகும்.

பாகாயம் பகுதி விவசாயிகள் இதைப் பயிரிடலாமா? தட்பவெப்பநிலை தடையல்ல. கிணற்று நீர்தான் முடிவு செய்யும்.

தோல் பதனிடும் தொழிலில் தோல்களை உப்பிட்டு வைத்து, பிறகு ஊறவைத்துக் கழுவுகிறார்கள். அந்த உப்பு பாலாற்றுப் படுகையில் பல கிணறுகளில் இறங்கியுள்ளது. 1996-இல் உச்சநீதிமன்றம் இது குறித்துத் தீர்ப்பளித்தது. ஆனால் நிலத்தடியில் சேர்ந்த உப்பு விரைவில் நீங்குவதில்லை.

பாசன நீரின் மின் கடத்தும் திறன் 1 டெசி சைமன் வரை இருந்தால் திராட்சை மகசூல் குறையாது. 1.7 ஆனால் பத்தில் ஒரு பங்கும், 2.7 ஆனால் கால் பங்கும், 4.5 ஆனால் பாதியும் குறையக்கூடும். இலையோரம் கருகுவது முதல் அறிகுறி.

இதற்கு வழி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஒருவகை வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் தங்கள் இரகங்களை ஒட்டுக்கட்டி அங்குள்ள விவசாயிகள் தப்பினர். அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியைச் சேர்ந்த 'டாக்ரிட்ஜ்' என்ற வேர்ச்செடி, உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். உப்பிலுள்ள குளோரைடை இதன் வேர் அதிகம் மேலே அனுப்புவதில்லை. மகாராஷ்டிரத் திராட்சை விவசாயிகள் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் டாக்ரிட்ஜ் கன்றை நட்டு, தண்டு பென்சில் பருமன் அடைந்ததும் பன்னீர் குச்சியை ஆப்பு ஒட்டு முறையில் கட்டவேண்டும். இந்த வேரில் கொடி மிகவும் செழித்து வளரும். ஆகையால் தழைச்சத்தைக் குறைத்தே இடவேண்டும். இல்லையேல் இலை பெருகிக் காய்ப்புக் குறையும்.

எந்த வேர்ச்செடியும் கடும் உப்பை வெல்லாது. எனவே பந்தலுக்குக் கல்தூண் வாங்குமுன், மண்ணையும் நீரையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பரிசோதித்துக்கொள்ளவும். கோடையில் உப்பு மிகும் என்பதால் நீர் மாதிரியை ஏப்ரல், மே மாதங்களில் எடுப்பது நல்லது.