அலமாரி அறையில் அடங்கும், வாசலில் நுழையுமா? வீடு மாறும் முன் அளக்க வேண்டியவை

வீடு மாறப் போகிறவர்கள் புது வீட்டில் முதலில் அளப்பது அறையைத்தான். அலமாரியின் அகலம் 5 அடி, சுவரின் நீளம் 8 அடி, இடம் தாராளம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். லோரி வந்து, நான்கு பேர் சேர்ந்து மூன்றாம் மாடி வரை தூக்கிய பிறகுதான், வாசலை அடுத்த திருப்பத்தில் அது திரும்பாது என்பது தெரிகிறது. அதற்குள் சுவர் பெயர்ந்திருக்கும், யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டி காலத்துத் தேக்கு அலமாரி கடைசியில் கீழே குப்பைத் தொட்டி ஓரமாகப் போய்ச் சேரும்.

இதைத் தவிர்க்கப் பொருள் நிற்கப்போகும் இடத்தை அளந்தால் மட்டும் போதாது. அது போகும் வழி முழுவதையும் அளக்க வேண்டும்.

தோட்டத்தில் இல்லாத சிக்கல்

தோட்டத்து லயத்து வீடுகளில் இந்தக் கவலை பெரிதாக இருந்ததில்லை. வாசல் தரையோடு இருக்கும். லோரியிலிருந்து இறக்கிய பொருள் நேராக உள்ளே போய்விடும். லிஃப்ட்டும் கிடையாது, மாடிப்படித் திருப்பமும் கிடையாது.

தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனபோது நிலைமை மாறியது. புத்ராஜெயா உருவாவதற்காக பெராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மேடிங்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் மாறின. கிள்ளான் பள்ளத்தாக்கில் மேலும் பல குடும்பங்கள் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்குச் சென்றன. ஏறக்குறைய 700 சதுர அடியில் 3 படுக்கையறை என்பது அந்த வீடுகளின் அமைப்பு. தரை வீட்டுக்காகச் செய்த கட்டிலும் அலமாரியும் அங்கே திணறுவதில் ஆச்சரியமில்லை.

1984ஆம் ஆண்டு சீரான கட்டட விதிகளின்படி, ஒரு வீட்டின் மூன்றாவது அறை 6.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி இருந்தாலே போதும். 6 அடி அகலமும் 6 அடி 3 அங்குல நீளமும் கொண்ட ‘கிங்’ கட்டிலை அங்கே போட்டால் பாதி அறைக்கு மேல் போய்விடும்.

கதவை எப்படி அளப்பது?

வீட்டு முன்கதவு பெரும்பாலும் 3 அடி அகலம், 7 அடி உயரம். ஆனால் அந்த 36 அங்குலமும் நமக்குக் கிடைக்காது. நிலைச் சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து, திறந்து நிற்கும் கதவுப் பலகை வரை அளந்தால் 34 அங்குலம் இருக்கலாம். வெளியே பொருத்திய இரும்புக் கிரில் முழுதாகத் திறக்காவிட்டால் இன்னும் குறையும். அறைக் கதவுகள் அதைவிடவும் குறுகலானவை. எனவே மிகக் குறுகலான இடம் எதுவோ அதன் அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். கீல்களைக் கழற்றிக் கதவை எடுத்துவிட்டால் ஒன்றரை அங்குலம் வரை மிச்சமாகும். பல நேரங்களில் அதுவே போதும்.

7 அடி நீளம், 36 அங்குல ஆழம், 33 அங்குல உயரம் கொண்ட ஒரு சோபாவை எடுத்துக்கொள்வோம். நேராகத் தூக்கினால் அது 34 அங்குல வாசலில் நுழையாது. முதுகுப்பக்கம் கீழே வரும்படி மல்லாக்கச் சாய்த்தால் 33 அங்குலப் பக்கம் குறுக்காக வரும், நுழைந்துவிடும். 4 அங்குலக் கால்களையும் கழற்றிவிட்டால் 29 அங்குலம்தான். சுவரில் கை உரசாமல் கொண்டு போகலாம்.

திருப்பத்தில் நடப்பது என்ன?

உண்மையான சோதனை திருப்பத்தில்தான் இருக்கிறது. 3 அடி அகல நடைபாதை ‘ட’ எழுத்தைப் போல மடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பு என்றால் 8 அடி 5 அங்குலம் வரை நீளம் இருந்தாலும் படுக்கைவசத்தில் திரும்பிவிடும். ஆனால் 2 அடி ஆழமுள்ள அலமாரியை அப்படிக் கொண்டு போனால் 4 அடி 5 அங்குலத்துக்கு மேல் திரும்பாது. அதே அலமாரியை நிமிர்த்தினால் கதை வேறு. தரையில் அது அடைப்பது 3 அடி அகலமும் 2 அடி ஆழமும்தான் என்றால் எளிதாகத் திரும்பிவிடும். நீளத்தை உயரமாக மாற்றுவது அனுபவமுள்ள லோரிக்காரர்கள் எப்போதும் கையாளும் முறை.

இந்தக் கேள்வி கணித அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மீட்டர் அகல நடைபாதையின் செங்கோணத் திருப்பத்தில், தூக்காமல் தள்ளிக் கொண்டு போகக்கூடிய மிகப் பெரிய சோபா எது என்று 1966இல் லியோ மோசர் கேட்டார். 1992இல் ஜோசப் கெர்வர் ஏறக்குறைய 2.22 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வடிவத்தைக் காட்டினார். பழைய தொலைபேசியின் ரிசீவர் போல வளைந்த வடிவம் அது. அதைவிடப் பெரியது சாத்தியமில்லை என்று தென் கொரியாவின் பேக் ஜின்இயொன் 2024இல் நூறு பக்கங்களுக்கும் மேலான நிரூபணத்தை வெளியிட்டார்.

நிமிர்த்த முடியுமா?

உள்ளே போன பிறகும் ஒரு சிக்கல் உண்டு. கட்டட விதிகளின்படி படுக்கையறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர் இருக்க வேண்டும். 8 அடி அலமாரியின் உயரம் 2.44 மீட்டர்தான், எனவே நிற்கும் என்று தோன்றும். ஆனால் படுக்கவைத்துக் கொண்டுவந்ததை நிமிர்த்தும்போது சீலிங்கை நெருங்குவது அதன் மூலை. 8 அடி உயரம், 2 அடி ஆழம் என்றால் மூலைக்கு மூலை 2.51 மீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டருக்காக அலமாரி சாய்ந்தபடியே நிற்கும். அப்படிப்பட்ட அலமாரியை அறைக்குள் வைத்தே பூட்ட வேண்டும். சீலிங் விசிறியும் விளக்கும் எங்கே தொங்குகின்றன என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

கழற்றலாமா?

பழைய தச்சர்கள் கழுந்தும் ஆப்பும் வைத்துச் செய்த தேக்குக் கட்டில்களைப் பெரும்பாலும் பிரித்துப் பூட்டலாம். மரத்தூளை அழுத்திச் செய்த இன்றைய பலகை அலமாரிகள் அப்படியல்ல. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் திருகுத் துளைகள் தளர்ந்துபோகும். பிரிக்கும் முன் படம் எடுத்து, திருகுகளைத் தனிப் பையில் போட்டு அந்தப் பலகையிலேயே ஒட்டிவைத்தால் மறுபடி பூட்டுவது சுலபம்.

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டுகளில் படித் திருப்பமே குறுகலான இடம். பொருளைக் கைப்பிடிக்கு மேலே உயர்த்தித் திருப்பினால் சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். இழுப்பறைகளைக் காலி செய்ய வேண்டும். படியில் பாரம் கீழே நிற்பவர் மீதே இறங்கும் என்பதால் வலுவானவர் கீழே நிற்பது பாதுகாப்பு.

கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் அதற்கென்றே கூரை முகப்பில் உத்திரமும் கொக்கியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் பால்கனிக் கம்பி அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, சன்னல்களிலோ கிரில் இருக்கிறது. கீழே நடப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

தனியார் அடுக்குமாடி, காண்டோக்களில் நிர்வாக அலுவலகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த லிஃப்ட், எத்தனை மணி வரை, வைப்புத்தொகை எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகளின்படி பொது நடைபாதையை அடைப்பது குற்றம். நிர்வாகம் 200 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

புது வீட்டில் பால் காய்ச்சிய பிறகுதான் நம்மவர்கள் சாமான்களை ஏற்றுவது வழக்கம். அன்றே ஒருவர் அளவு நாடாவுடன் லோரி நிற்கும் இடத்திலிருந்து படுக்கையறை வரை நடந்து பார்த்துவிடலாம். நுழையாது என்று அன்றே தெரிந்தால், தச்சரை அழைக்கவோ, தரை வீட்டில் இருக்கும் உறவினருக்குக் கொடுக்கவோ நேரம் இருக்கும். அந்த அலமாரி குப்பைத் தொட்டி ஓரத்துக்குப் போக வேண்டியிருக்காது.