பேழைக்குள் என்ன இருக்கிறது?

அடுத்த வீட்டுச் சாமிகள் – 11

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு மோட்டாரின் ஷாஃப்ட் தேய்ந்துபோயிருந்தது. ஊர்ப் பெயரில் தட்டார் இருந்தாலும் இங்கே இன்று பொன்னைவிட இரும்பைத்தான் அதிகம் ராவுகிறார்கள். பட்டறைக்காரர் கத்தோலிக்கர். கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து மீட்டர் பெட்டிக்கு மேலே செருகியிருந்தார். போன வருஷத்துக் குருத்து விபூதிப் புதனன்றே சாம்பலாகி நெற்றிகளுக்குப் போய்விட்டது.

“அண்ணே, நேத்து ஊர்வலம் முழுக்க ஓசன்னா, ஓசன்னான்னு பாடினோம். அது யூதர் பாஷைன்னு பிரசங்கத்துல சாமியார் சொன்னாரு. ஆமென், அல்லேலூயா எல்லாம் அவங்க வார்த்தைதானாம். பழைய ஏற்பாடும் அவங்களோடது. இயேசுவும் யூதர். அப்புறம் ஏண்ணே அவங்க வேற மதம்?”

நான் அப்போது சொன்ன பதில் அரைகுறை. ஷாஃப்ட் தயாரானதும் எழுந்து வந்துவிட்டேன். மீதியை இந்த வாரம் எழுதித் தீர்க்கிறேன்.

அவர் செருகிவைத்த குருத்திலிருந்தே தொடங்கலாம். யூதர்களுக்கும் குருத்து ஏந்தும் திருவிழா உண்டு. இலையுதிர் காலத்தில் வரும் கூடாரப் பண்டிகையில், விரியாத பேரீச்சங்குருத்தை வேறு இரண்டு செடிகளின் கொப்புகளோடு கட்டி, எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொழுகைக்கூடத்தைச் சுற்றி வருவார்கள். சுற்றும்போது சொல்வது ‘ஹோஷனா’. எபிரேயத்தில் அது ஒரு கெஞ்சல்; ‘இப்போதே காப்பாற்று’ என்று பொருள். அதே சொல் சம்பா கோயில் வாசலுக்கு வரும்போது வாழ்த்தொலி ஆகிவிட்டது. காப்பாற்ற வேண்டியவர் வந்துவிட்டார் என்று நம்புகிறவர் வாழ்த்துகிறார். இன்னும் வரவில்லை என்பவர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். குருத்து ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான்.

இப்படிச் சொன்னதும், மெசியா வந்தாரா வரவில்லையா என்ற ஒற்றைக் கேள்விதான் தகராறு என்று பலர் முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது போதவில்லை. வந்தவர் யார் என்பதில் இருக்கும் தகராறு இதைவிட ஆழமானது. அதைப் பார்க்க இரண்டு பேழைகளைத் திறக்க வேண்டும்.

எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனாலும் பீடத்தின் பக்கம் ஒரு சிறு பேழை இருக்கும். அதன் அருகே ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கடந்து போகிறவர்கள் ஒரு முழங்காலை மடக்கி வணங்கிவிட்டுப் போவார்கள். யூதத் தொழுகைக்கூடத்திலும் எருசலேம் திசைச் சுவரில் ஒரு பேழை. அதன் முன்னும் அணையா விளக்கு. இந்தியாவிலிருந்து எருசலேம் மேற்கே என்பதால் கொச்சியில் அது மேற்குச் சுவரில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கதவைத் திறந்தால்தான் சங்கதி.

யூதப் பேழைக்குள் இருப்பது புத்தகம். மோசேயின் ஐந்து நூல்களும் பதனிட்ட தோலில் கையால் எழுதப்பட்ட சுருள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தும் வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. வாரம் ஒரு பகுதியாக வாசித்து, ஆண்டு முடிவில் கடைசி வரியை முடித்த கையோடு முதல் வரியைத் தொடங்குவார்கள். அன்று சுருளைத் தூக்கிக்கொண்டு ஆட்டமும் உண்டு. வாசிக்க முடியாதபடி பழசாகிப்போன சுருளை எரிப்பதில்லை, மனிதரைப் போலப் புதைக்கிறார்கள்.

கத்தோலிக்கப் பேழைக்குள் இருப்பது அப்பம். புளிக்காத கோதுமை மாவில் வட்டமாகச் சுட்டது. புளிக்காத அந்த அப்பமும் யூதர்களின் பாஸ்கா விருந்திலிருந்து வந்ததுதான். நம் ஊர்களில் தவக்காலத்தில் மேடையேறும் பாஸ்கா நாடகத்துக்குப் பெயர் கொடுத்ததும் அந்த விருந்துதான். ஆனால் திருப்பலிக்குப் பின் அது அப்பம் இல்லை, கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்க விசுவாசம். முழங்கால் மடங்குவது அதற்குத்தான். கடவுளின் வார்த்தை ஒரு பக்கம் வார்த்தையாகவே நின்றுவிட்டது; இன்னொரு பக்கம் மனித உடலாகிவிட்டது. பிரிவு இங்கே இருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்பியவை என்பது என் கட்சி.

கடவுளுக்கு உடல் இல்லை, உருவம் இல்லை என்பதில் யூதர்கள் கறார். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் வகுத்த பதின்மூன்று கோட்பாடுகளில் அது மூன்றாவது. வரப்போகும் மெசியாவும் அவர்களுக்கு மனிதர்தான். தாவீதின் வம்சத்தில் பிறந்து, சிதறிய மக்களைச் சேர்த்து, கோயிலைத் திரும்பக் கட்டி, உலகில் போரை ஒழிக்க வேண்டியவர். இந்த வேலைகள் நடக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். கிறிஸ்தவம் 325இல் நைசியாவில் கூடிய சங்கத்தில், இயேசு தந்தையோடு ஒரே பொருளான கடவுள் என்று அறுதியிட்டது. ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள் அந்தத் தீர்மானத்தைத்தான் சொல்கிறார்கள்.

நம் வாசகர்களில் பலர் ‘அவதாரம்தானே’ என்று இதை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. பெருமாள் பல முறை வருகிறார். கிறிஸ்து ஒரே முறை. அவதாரம் வேலை முடிந்தால் முடிந்தது. கிறிஸ்து எடுத்த மனித இயல்பு உயிர்த்தெழுந்த பின்னும் அவரோடு நிரந்தரம். மாறாக, சிவபெருமான் கருவில் வந்து பிறப்பதில்லை என்று சொல்லி வளர்ந்த சைவ சித்தாந்தி ஒருவருக்கு யூதர்களின் தடை சட்டென்று பிடிபடும்.

சம்பா கோயில் என்று சொன்னேன். மிஷன் வீதியில் இருக்கும் பேராலயத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. புனித பவுல் என்பதைப் பரங்கியர் உச்சரித்தது தமிழ் வாயில் தேய்ந்து ‘சம்பா’ ஆனது. இயேசு சபையார் 1692இல் முதலில் கட்டினார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது கோயிலும் போயிற்று. இன்று நிற்கும் கட்டடத்தின் முகப்பில் 1791 என்றிருக்கும்.

அந்தப் பவுல்தான் இந்தக் கதையின் திருப்பம். பிறப்பால் யூதர், சவுல் என்று பெயர், யூதச் சட்டத்தை முறையாகப் படித்தவர். யூதரல்லாதவர்கள் இயேசுவின் கூட்டத்தில் சேர வேண்டுமானால் முதலில் விருத்தசேதனம் செய்துகொண்டு, யூத உணவு விதிகளை ஏற்றுத்தான் வர வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. கி.பி. 50ஐ ஒட்டி எருசலேமில் இதற்காகவே கூடிப் பேசினார்கள். தேவையில்லை என்று வாதாடியவர் பவுல். அவர் பக்கம் வென்றது. தோற்றிருந்தால் கிறிஸ்தவம் யூதர்களுக்குள்ளேயே ஒரு சிறு பிரிவாக நின்றிருக்கும். மீட்டர் பெட்டிக்கு மேல் குருத்து செருக தட்டாஞ்சாவடியில் ஆள் இருந்திருக்க மாட்டார்.

ஆக, யூதருக்கு 613 கட்டளைகள்; செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. கிறிஸ்தவருக்கு முதலில் விசுவாசம், பிறகுதான் மற்றவை. யூதர் யாரையும் மதம் மாற்றக் கிளம்புவதில்லை. மற்றவர்களுக்கு நோவா காலத்து ஏழு விதிகள் போதும் என்பார்கள்.

சம்பா கோயிலின் இன்னொரு பெயரைப் பார்ப்போம். அது அமலோற்பவ அன்னைக்கு நேர்ந்த கோயில். ஜென்மராக்கினி மாதா கோயில் என்பார்கள். அமலோற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்தது என்று கத்தோலிக்கர்களிலேயே பலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை. மரியாள் தன் தாய் வயிற்றில் கருவானபோதே ஜென்மப் பாவம் தொடாமல் கருவானார் என்பதுதான் அது. 1854 டிசம்பர் 8இல் ஒன்பதாம் பத்திநாதர் அதைக் கட்டாய விசுவாசமாக அறிவித்தார். மலம் இல்லாத உற்பவம். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘மலம்’ சைவர்களுக்கும் பழகிய சொல். ஆணவ மலம் செம்பில் களிம்புபோல் உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பது; ஜென்மப் பாவம் ஆதாமிடமிருந்து வந்தது. வித்தியாசம் உண்டு, என்றாலும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

யூதரிடம் இந்தக் கோயிலின் பெயரை விளக்கிப் பாருங்கள். ஜென்மப் பாவமே இல்லை என்பவருக்கு அது தொடாத பிறப்பில் என்ன அதிசயம்? அவர் தினமும் காலையில், நீ தந்த ஆன்மா தூய்மையானது என்று சொல்லித்தான் எழுகிறார். ஆதாம் செய்த தப்பு ஆதாமுடையது. மனிதனுக்குள் நல்ல நாட்டமும் கெட்ட நாட்டமும் இருக்கின்றன. எதை வளர்ப்பது என்பது அவன் பாடு. பிறவிக் கடன் இல்லாதபோது அதை அடைக்கச் சிலுவையும் வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு நாள் யோம் கிப்பூரில் பட்டினி கிடந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்த தீங்குக்கு, அவனிடம் போய்ச் சமாதானம் ஆகும் வரை அந்த நாளும் உதவாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பழைய ஏற்பாடு பொதுதானே என்றார் நண்பர். நூல்கள் பெரும்பாலும் பொது, வரிசை பொது அல்ல. யூதர்கள் அதைப் ‘பழைய’ என்று சொல்வதும் இல்லை, தநாக் என்பார்கள். இருபத்து நான்கு நூல்கள். அது குறிப்பேடு என்ற நூலில் முடிகிறது: எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்று பாரசீக மன்னர் சைரஸ் விடைகொடுக்கும் இடம். ஊருக்குத் திரும்பும் கதை அது. கிறிஸ்தவ வரிசை மலாக்கியில் முடிகிறது: எலியா திரும்ப வருவார் என்ற வாக்கு. பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு, இயேசுவின் வம்ச அட்டவணை. வரப்போகும் ஒருவருக்காகக் காத்திருக்கும் கதையாக அதே நூல்கள் மாறிவிடுகின்றன. யூதர்கள் இன்றும் பாஸ்கா இரவில் எலியாவுக்கென்று ஒரு கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றி வைத்துக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். தமிழுக்கு வந்தது எந்த வரிசை? தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத்து வரை மொழிபெயர்த்து 1719இல் இறந்தார். ஷூல்ட்சே மிச்சத்தை 1728இல் முடித்தார். தமிழன் கைக்கு முதலில் வந்த எபிரேய வேதம் கிறிஸ்தவ வரிசையில்தான் வந்தது. இன்னொரு வேடிக்கை: யூதர்களின் ஹனுக்கா விளக்குத் திருநாளுக்குக் காரணமான போரைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கர் பைபிளில் இருக்கின்றன, யூதர்களின் தநாக்கில் இல்லை.

யார் யூதர் என்பதற்கும் இங்கேயே ஒரு சான்று இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, மீரா அல்ஃபாஸா, 1878இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை துருக்கி யூதர், தாய் எகிப்து யூதர். வீட்டில் மத வாசனையே இல்லை. அவர் போன வழியும் வேறு. ஆனாலும் யூதச் சட்டப்படி யூதத் தாய் வயிற்றில் பிறந்தவர் யூதரே. கிறிஸ்தவராக யாரும் பிறப்பதில்லை. ஞானஸ்நானம் ஆக்க வேண்டும்.

நமக்கு யூதர்களைத் தெரிந்தது பாஸ்கா நாடகத்தில் ‘சிலுவையில் அறையும்’ என்று கத்தும் கூட்டமாகத்தான். அந்தப் பழியை யூத இனம் முழுவதன் மேலும் சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிவித்தது. நாடகங்கள் இன்னும் முழுதாகத் திருந்தியதாகத் தெரியவில்லை. வசனம் எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.

இத்தனைக்கும் நம் பக்கத்தில் பழைய உறவு ஒன்று செம்பில் இருக்கிறது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமையும் கொடுத்த செப்பேடு, வட்டெழுத்தில். கடைசி ஏட்டில் சாட்சிகளின் கையெழுத்து அரபியிலும் பகலவியிலும் இருக்கிறது. சிலர் எபிரேய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாதா கோயில் சொத்துக்கு யூதர்கள் சாட்சி. ஏடுகள் இப்போது கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இருக்கின்றன.

பட்டறை நண்பர் வரும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொச்சி போகிறாராம். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். (அங்கே பரதேசி என்றால் வெளிதேசத்திலிருந்து வந்தவர், வசவு இல்லை.) ஒவ்வொன்றும் கையால் தீட்டிய சீனத்து ஓடுகள் பதித்த தரை. சிலை இல்லை, படம் இல்லை. மேற்குச் சுவரில் பேழை மட்டும். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால் அத்தனை பேரை உள்ளூரில் சேர்க்க முடிவதில்லை. நீங்களும் போவதானால் ஒரு குறிப்பு: சனிக்கிழமை போகாதீர்கள். ஓய்வுநாள், பூட்டியிருக்கும்.